நான்கு கிண்ணங்கள் பறந்த பின்னேரம்: அடி சீவும்போது பாண்டத்தைச் சக்கரத்தில் நிறுத்துவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நான்காவது கிண்ணம் சுவரில் மோதியபோது மணி நாலரை இருக்கும். வெளியே ஒக்டோபர் மாதத்து இடிமழை. பாதி காய்ந்த மண் சுவரில் பட்டால் உடைகிற சத்தம் வராது. நனைந்த துவாய் நிலத்தில் விழுந்ததுபோல ‘தொப்’ என்று ஒன்று, அவ்வளவுதான். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரத் தட்டில், கிண்ணத்தைப் பிடித்து நின்ற மூன்று மண் முட்டுகள் மட்டும் வெறும் இடத்துக்குக் காவல் நின்றபடி சுற்றின.

“அக்கா, நான் பலமாக் கை வைக்கேல்ல. அது தானாப் போட்டுது” என்றான் தம்பி. முதல் மூன்று கிண்ணத்துக்கும் அதையேதான் சொன்னான். அப்போது நான் நம்பவில்லை. நான்காவது போகும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது உண்மை. உளியை அவன் சும்மா தொட்டுக்கொண்டுதான் இருந்தான்.

எங்கள் பட்டறை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், முன்பு கார் நின்ற கராஜ். இரண்டு மின்சக்கரம், ஒரு சிறிய மின்சூளை, கூரையில் ஒரு காற்றாடி. கரையோர ரயில் போகும்போது தட்டில் அடுக்கிய கிண்ணங்கள் மெல்லச் சிணுங்கும். அந்த மாதம் ஒரு சிறு உணவகம் 36 சூப் கிண்ணம் கேட்டிருந்தது. சேதத்துக்கு ஆறு சேர்த்து 42 வனைந்தோம். ஒவ்வொன்றுக்கும் 600 கிராம் மண், வாய் அகலம் 15 சென்டிமீற்றர், அடி 7, உயரம் 8. தம்பி என்று நான் சொல்வது எங்களிடம் ஒரு வருடமாக வேலை பழகும் பையனை. வனைவதில் கை நன்றாக வந்துவிட்டது. சீவுவதில், அதாவது பாதி காய்ந்த பாண்டத்தைக் கவிழ்த்துச் சக்கரத்தில் சுற்றவிட்டு அடியில் மிஞ்சிய மண்ணை உளியால் செதுக்கி எடுப்பதில், இன்னும் பழக வேண்டியிருந்தது.

சீவுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் தைப்பொங்கல் பானையைக் காட்டுவேன். பொங்கலுக்குச் சந்தையில் வாங்குகிற பானையின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: உளித்தடம் இருக்காது, தட்டின தடம்தான் இருக்கும். குயவர் சக்கரத்தில் வாயையும் தோளையும் எடுத்துவிட்டு, பானை கொஞ்சம் இறுகியதும் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி மெலிதாக்குவார். மூன்று கல் அடுப்பில் உட்காரும் உருண்டை அடிக்கு அதுதான் வழி. பானையைக் கவிழ்த்துச் சக்கரத்தில் நிறுத்த வேண்டிய தேவையே அங்கே எழாது. மேசையில் தட்டையாக உட்காரவும், சூளைத் தட்டில் பளிங்குப் பூச்சு (கிளேஸ்) ஒட்டாமல் இருக்கவும் அடியில் மேடாக நிற்கும் ஓர் அடிவளையம் வேண்டும் என்று வந்த பிறகுதான் கவிழ்த்துச் சீவும் வேலை எங்களிடம் வந்தது. அதனால்தானோ என்னவோ, இதற்கு ஊரில் பழைய சொற்கள் குறைவு. பட்டறையில் நாங்கள் ‘ட்ரிம் பண்ணுறது’ என்றுதான் கதைக்கிறோம். இங்கே சீவல் என்று எழுதுகிறேன்.

அன்று சீவ எடுத்தது 14 கிண்ணம். நான்கு பறந்தன. ஒன்றில் அடி ஓட்டையாகிவிட்டது. மூன்றில் அடிவளையம் வட்டமாக வரவில்லை. மிச்சம் ஆறு நன்றாக வந்தன. பதினான்கில் எட்டுப் பழுது என்றால் அது பழகுகிறவன் கைப்பிசகு என்று சொல்லி விட்டுவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் விட்டேன். ஆனால் அந்த ஆறு கிண்ணமும் அதே கையால், அதே உளியால் சீவப்பட்டவை. கை ஒன்றாக இருந்து விளைவு இரண்டாக வந்தால் கிண்ணங்களுக்குள் ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டும். இந்த எளிய கேள்விக்கு வந்துசேர எனக்கு ஒரு இரவு போனது.

என் முதல் சந்தேகம் முட்டுகள்மேல். கவிழ்த்து வைத்த கிண்ணத்தைச் சுற்றி மூன்று இடத்தில் மெது மண்ணை உருட்டி வைத்து அழுத்துவதைத்தான் முட்டு என்கிறோம். தம்பி முட்டு வைக்கும் விதத்தைப் பார்த்தேன். கிண்ணத்தின் பக்கமாகத் தள்ளி அழுத்தினான். பார்க்க அதுதான் நியாயம். கிண்ணத்தைத்தானே பிடிக்க வேண்டும்? ஆனால் முட்டின் வேலை தட்டோடு ஒட்டிக்கொண்டு கிண்ணம் நகராதபடி வழியை மறிப்பது. பெருவிரலால் கீழ்நோக்கித் தட்டில் அழுத்த வேண்டும். கிண்ணத்தைத் தொடுகிற பக்கம் தொட்டால் மட்டும் போதும். பக்கவாட்டில் தள்ளினால் இரண்டு தீமை. ஒன்று, முதல் முட்டு மண்ணைத் தள்ளும்போதே கிண்ணம் மையத்திலிருந்து விலகிவிடும். மறுகையால் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டாலும் ஒரு மயிரிழை நகரத்தான் செய்யும். மற்றது, தட்டோடு ஒட்டாத முட்டு ஒரு கல்லைப்போலத்தான் அங்கே இருக்கும்.

இரண்டாவது சந்தேகம் தண்ணீர்மேல். “ஒட்டட்டும் எண்டுதான் அக்கா” என்று சொல்லி அவன் தட்டில் ஸ்பொஞ்சைப் பிழிந்திருந்தான். துடைத்து ஈரக்கசிவு மட்டும் இருக்கிற உலோகத் தட்டில் கிண்ணத்தின் விளிம்பு உண்மையாகவே ஒட்டும். தண்ணீர் படலமாக நின்றால் மழை பெய்த காலி வீதியில் பிரேக் பிடிக்கிற கதைதான்.

இந்த இரண்டையும் திருத்திவிட்டு மறுநாள் காலை மூன்று கிண்ணம் வைத்தோம். ஒன்று பறக்கவில்லை, ஆனால் உளி படும்போதெல்லாம் கடகடவென்று அதிர்ந்து, கிண்ணத்தின் பக்கச்சுவர் முழுக்கக் கோடு கோடாக அலை விழுந்தது. ஒன்று முட்டோடு சேர்ந்து நகர்ந்தது. ஒன்று நன்றாக வந்தது. ஆக, என் விளக்கம் பாதிதான்.

அப்போதுதான் தம்பி தன் கைபேசியைப் பழைய பெயின்ற் வாளிமேல் சாய்த்து வைத்தான். மெதுவேகப் படம்: ஒரு வினாடிக்கு 240 படம் எடுத்து, ஓடவிடும்போது எட்டு மடங்கு மெதுவாகக் காட்டுவது. நான்காவதாக ஒரு கிண்ணத்தை வேண்டுமென்றே பழைய மாதிரி முட்டு வைத்துச் சுற்றினோம்.

அந்தப் படத்தை நாங்கள் இருபது தடவையாவது பார்த்திருப்போம். கிண்ணம் சுற்றுகிறது. உளி இன்னும் படவேயில்லை. விளிம்பின் ஒரே ஒரு இடத்தில், தட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே, ஒரு கறுப்புக் கோடு தெரிந்து மறைகிறது. அடுத்த சுற்றிலும் அதே இடம். உளி பட்டதும் அந்தக் கோடு தடிக்கிறது. கிண்ணம் ஒரு பக்கம் எழும்பி, எதிர்ப்பக்க முட்டின் தலையில் ஏறி, இறங்குகிறது. மூன்றாவது சுற்றில் முட்டின் உட்கரை தட்டிலிருந்து உரிந்து வருவது வடிவாகத் தெரிகிறது. ஐந்தாவது சுற்றில் முட்டு நகர்கிறது. ஆறாவதில் கிண்ணம் போய்விட்டது. கண்ணுக்கு ஒரே நொடியில் நடந்ததாகத் தெரிந்த காரியம் உண்மையில் ஆறு சுற்றாகப் படிப்படியாக நடந்திருக்கிறது. பிடி விட்டதால் கிண்ணம் ஆடவில்லை. ஆடியதால்தான் பிடி விட்டது.

கிண்ணத்தின் வாய் மட்டமாக இல்லை. ஒரு கண்ணாடித் துண்டை மேசையில் போட்டு மிச்சக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக அதில் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கத்தில் விரலால் தட்டிப் பார்த்தோம். நான்கு காலில் ஒன்று குட்டையான கதிரைபோலச் சில ஆடின. ஆட்டம் தெரியாதவற்றுக்குத் தம்பி தன் சேட்டுப் பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்தான். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே டிக்கெட் எங்கேயாவது நுழைகிறதா என்று சுற்றிவரத் தள்ளிப் பார்ப்பது. மிச்சமிருந்த 24இல் 13இல் நுழைந்தது.

வனையும்போது விளிம்பை மட்டமாக்கித்தான் எடுத்தோம். அது எங்கே கோணியது? காயும்போது. சீவுவதற்கு மண் இருக்க வேண்டிய நிலையை நாங்கள் தோல்பதம் என்கிறோம்: அழுத்தினால் வளையாது, நகத்தால் கீறினால் கோடு விழும், தொட்டால் குளிர்ச்சி தெரியும். கொழும்பில் காற்றில் ஈரம் அதிகம், அந்தப் பதம் வர ஒரு நாளுக்கு மேலாகலாம். உணவகக்காரர் அவசரப்படுத்தியதால் நான்தான் காற்றாடியைப் போட்டுவிட்டுப் போனேன். காற்றாடிக்குக் கீழே, கடற்பக்க ஜன்னலுக்கு நேரே இருந்த வரிசையின் ஒரு பக்கம் மட்டும் முதலில் காய்ந்திருக்கிறது. மண் காய்ந்தால் சுருங்கும். முதலில் காய்ந்த பக்கம் முதலில் சுருங்கி, விளிம்பை இழுத்துத் தாழ்த்தி, வாயை முட்டை வடிவமாக்கிவிட்டது. பறந்த நான்கும் ஜன்னல் வரிசை என்று தம்பிக்கு நினைவிருந்தது. அவனைத் திட்டியதற்கு அன்று நான் வாங்கிக் கொடுத்த றோல்ஸ் இரண்டு.

சரி, உறுதி செய்ய வேண்டுமே. பழைய மண்ணில் 12 கிண்ணம் வனைந்து, ஆறை மட்டமாகவும் ஆறை ஜன்னல் காற்றில் வேண்டுமென்றே கோணலாகவும் காயவிட்டோம். ஒவ்வொரு ஆறிலும் மூன்றுக்குப் பக்கவாட்டு முட்டு, மூன்றுக்குக் கீழழுத்திய முட்டு. கோணல் வாயும் பக்கவாட்டு முட்டும் சேர்ந்த மூன்றும் நழுவின. கோணல் வாயும் நல்ல முட்டும்: ஒன்று நழுவியது, இரண்டு அதிர்ந்தன. மட்டமான வாயும் பக்கவாட்டு முட்டும்: ஒன்று மெல்ல நகர்ந்தது, மற்றவை நின்றன. மட்டமான வாயும் நல்ல முட்டும்: மூன்றும் அசையவில்லை. மூன்று மூன்றாக எடுத்தது ஆய்வுகூடத்துக்குப் போதாது. பட்டறைக்குப் போதும்.

வட்டமாக வராத அந்த மூன்று கிண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் காரணம் வேறு. அவை பறக்கவில்லை, நன்றாகவே நின்றன, மிக நன்றாக. தம்பி பயத்தில் முட்டுகளை இறுக்கியிருந்தான். இளம் தோல்பதத்தில் இருக்கிற கிண்ணத்தை மூன்று பக்கமிருந்து நெருக்கினால் அது சத்தமில்லாமல் மூன்று மூலையுள்ள வட்டமாகும். அந்த நெருக்கலில் சீவிய அடிவளையம் சக்கரத்தில் சுற்றும்போது அச்சு வட்டம். முட்டுகளை எடுத்ததும் மண் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப, வளையம் கோணிவிடும். இரும்புக் கடைசலில் மெல்லிய குழாயை மூன்று தாடைப் பிடியில் இறுக்கினால் நடப்பதும் இதுவேதான். விலைக்கு வாங்கும் பிடிதட்டுகளும் இருக்கின்றன. கிஃபின் கிரிப் என்பது பலருக்கும் தெரிந்தது. திருப்பினால் மூன்று பிடியும் ஒருசேர மையத்தை நோக்கி நகர்ந்து, மையம் பிடிக்கிற வேலையை மிச்சப்படுத்தும். ஒரே அளவில் நூறு கிண்ணம் சீவுகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் மூன்று புள்ளியில் பிடிக்கிற எதற்கும் இந்தக் குணம் உண்டு. இறுக்கத்தை அளவோடு வைப்பது கையின் பொறுப்பு. நான் வாங்கவில்லை. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு டொலரில் விலை போட்ட எதையும் பார்த்தால் எனக்கு முதலில் தாகம்தான் எடுக்கிறது.

கிண்ணக் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் அதே உணவகம் பூ வைக்க ஆறு ஒடுங்கிய கழுத்துப் போத்தல்களும் கேட்டிருந்தது. மட்டம், முட்டு எல்லாம் கற்றுக்கொண்ட தைரியத்தில் தம்பி போத்தலையும் வாயில் கவிழ்த்து மூன்று முட்டு வைத்தான். நான் தடுத்தேன், ஏன் என்று கேட்டான். “நிக்காது” என்பதைத் தவிர எனக்கு விடை தெரியவில்லை. மொறட்டுவையில் பொறியியல் படிக்கிற என் மருமகன் அன்று சாப்பிட வந்திருந்தான். தோசை வரும்வரை ஒரு கடதாசியில் கணக்குப் போட்டான்.

கிண்ணத்தின் எடை 600 கிராம், அரைவாய் 7.5 சென்டிமீற்றர், உயரம் 8. உச்சியில் பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்க்க வேண்டுமானால் 600ஐ 7.5ஆல் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 560 கிராம் எடைக்குச் சமமான தள்ளல். போத்தலின் எடை 900 கிராம், அரைவாய் 1.5, உயரம் 25. அதே கணக்கில் 54 கிராம். ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடைதான். உளியின் சாதாரண அழுத்தமே அதைத் தாண்டிவிடும். உளி கிண்ணத்தைப் பிடியிலிருந்து முறுக்கித் திருப்பப் பார்க்கிற இழுப்பிலும் இதே நிலைதான். கிண்ணத்தில் 7 சென்டிமீற்றர் அகல அடியைச் சீவும்போது பிடி 15 சென்டிமீற்றர் அகலத்தில் இருக்கிறது, உளியின் இழுப்பில் பாதிக்கும் குறைவானதைத்தான் பிடி தாங்க வேண்டும். போத்தலில் 12 சென்டிமீற்றர் அகல வயிற்றைச் சீவும்போது பிடி 3 சென்டிமீற்றர் கழுத்தில். உளியின் இழுப்பைப்போல நான்கு மடங்கு.

தோசையோடு இன்னொன்றும் சொன்னான். மையம் 5 மில்லிமீற்றர் விலகிய 600 கிராம் கிண்ணத்தை நிமிடத்துக்கு 200 சுற்றில் ஓட்டினால் சுமார் 130 கிராம் அளவு வெளியிழுப்பு. வேகத்தைப் பாதியாக்கினால் அது காற்பங்காகிவிடும். கோணலாக நிற்கிற பாண்டத்தை வேகத்தால் சரிப்படுத்தலாம் என்று நினைக்கிற பழக்கம் பழகுநர் எல்லோரிடமும் உண்டு. இந்த எண் அதற்கு மருந்து.

ஆகவே போத்தலுக்கு வாயைப் பிடிக்கக் கூடாது, தோளைப் பிடிக்க வேண்டும். தலையில் குடம் வைப்பவர் சும்மாடு வைப்பதுபோல, போத்தலுக்கு ஒரு மண் சும்மாடு. இரண்டு பக்கமும் திறந்த தடித்த உருளை ஒன்றை வனைந்து தோல்பதத்துக்குக் காயவிட்டு, தட்டில் மையம் பிடித்து அதற்கு முட்டு வைக்க வேண்டும். மேல் விளிம்பைச் சுற்றிச் சுருட்டிய மெது மண்ணைப் படியவைத்து, அதற்குள் போத்தலைத் தலைகீழாக இறக்கினால் கழுத்து உள்ளே தொங்க, தோள் முழுவட்டமாக மண்ணில் உட்காரும். வெளிநாட்டுப் பட்டறைகளில் இதைச் சக் என்பார்கள். ஒருமுறை சூளையில் சுட்டு வைத்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். ஆனால் சுட்ட சக் என்றால் தண்ணீரில் ஊறவைத்துப் பாவிக்க வேண்டும். காய்ந்ததாக வைத்தால் மெது மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, அது சுருங்கிக் கழன்றுவிடும். சாதாரண முட்டுக்கும் இந்த நோய் உண்டு: நீண்ட நேரம் சீவினால் முட்டு காய்ந்து, தட்டை விட்டு விலகும். அரை மணிக்கொரு தரம் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது நல்லது.

செட்டியார் தெருப் பொற்பட்டறை ஒன்றில் பதக்கத்தை அரக்கில் பதித்து வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். சூடாக்கிய அரக்கு பதக்கத்தின் பின்பக்க மேடுபள்ளம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். எங்கும் இறுக்கவில்லை, எங்கும் இடைவெளியில்லை. போத்தலின் தோள் அந்த மெது மண்ணில் இறங்கி அமர்ந்தபோது எனக்கு அந்த அரக்குதான் நினைவுக்கு வந்தது. ஆறு போத்தலும் பழுதில்லாமல் வந்தன.

பட்டறையில் மாற்றியவை சில. காற்றாடியை ஈர மண் இருக்கும்போது போடுவதில்லை. (காய்ந்த சீவலின் தூசியை அது கிளப்பிச் சுவாசத்துக்குள் கொண்டுவரும் என்பதற்காகவும் நிறுத்த வேண்டியதுதான், தரையை இப்போது ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறோம்.) வனைந்த கிண்ணம் விளிம்பு தாங்கும் அளவுக்கு இறுகியதும் பலகையில் கவிழ்த்து, பொலித்தீன் மூடி விடுகிறோம், விளிம்பு தட்டையான பலகையிலேயே காய்வதால் மட்டம் கெடுவதில்லை. நாள் தள்ளிப்போகும் கிண்ணங்கள், மீன்கடையில் வாங்கிக் கழுவிய ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள், அடியில் ஈரத்துணியோடு. கோணியது ஏதாவது வந்தால், நனைத்த கண்ணாடியில் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்து மட்டமெடுக்கலாம். வேண்டுமென்றே அலையலையாக வாய் வைத்த பாண்டத்துக்கு அதுவும் முடியாது. அதற்குத் தடித்த ஸ்பொஞ்ச் வட்டம் ஒன்றை ஈரமாக்கித் தட்டில் போட்டு, அதன்மேல் கவிழ்த்து, அடியின் நடுவில் ஒரு சோடாப் போத்தல் மூடியை வைத்து இடக்கை விரலால் அழுத்திக்கொண்டே சீவுவோம். மூடி விரலுக்குக் கீழே வழுக்கிச் சுற்றும். மண்ணில் விரல் குழி விழாது. அந்த ஒரு விரலின் அழுத்தம் மருமகனின் கணக்கில் எடைக்கு மேலதிகமாகச் சேர்கிற எடை. மட்டமான கிண்ணத்துக்கும் இப்போது அதை விடுவதில்லை.

36 கிண்ணமும் நேரத்துக்குப் போகவில்லை, ஒன்பது நாள் தாமதம். பறந்த நான்கும் வாளியில் கரைந்து திரும்ப மண்ணாகி, அந்தப் பரிசோதனைக் கிண்ணங்களில் சேர்ந்தன.

கண்ணாடித் துண்டு இன்னும் சக்கரத்துக்குப் பக்கத்து மேசையில்தான் இருக்கிறது. மேலே ஆணியில் குத்தி வைத்த பஸ் டிக்கெட்டுகள். போன கிழமை புதிதாக வந்த பிள்ளை அவற்றைக் குப்பை என்று நினைத்துக் கூட்டி எறிந்துவிட்டது. சேட்டுப் பையிலும் ஒன்றும் இல்லை. தம்பி உளியை வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு காலி வீதிக்கு நடந்து போய், 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு தரிப்பிடம் ஏறி இறங்கித் திரும்பி வந்தான்.